வெளிநாட்டுல டீச்சர் வேலை, கூடவே குழந்தையும்: எதை எப்போ எப்படி பண்றது

வெளிநாட்டு ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சுட்டா வேலை சம்பந்தப்பட்ட முக்கால்வாசி விஷயத்தை ஸ்கூலே பாத்துக்கும். விசாவுக்கு என்னென்ன வேணும்னு லிஸ்ட் அனுப்புவாங்க, ஏர்போர்ட்ல ஆள் நிப்பாங்க, முதல் வாரம் ஓரியன்டேஷன் வைப்பாங்க, லேப்டாப்பும் ஐடி கார்டும் கைக்கு வந்துரும். ஆனா அது எல்லாமே வேலைக்கு வர்றவருக்கு. கூட வர்ற குழந்தைக்கும் புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோ என்ன ஏற்பாடுன்னு கேட்டீங்கன்னா ஹெச்ஆர்ல ஒரு வரி பதில்தான் வரும். அதனால வேலையைப் பத்தி கவலைப்படுறதை கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, முதல் ஆறு மாசம் உங்க கவனம் பூரா குடும்பத்துப் பக்கம் இருக்கட்டும்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. கிளாஸ்ரூம் எந்த நாட்டுல இருந்தாலும் கிளாஸ்ரூம்தான், நீங்க சமாளிச்சுருவீங்க.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

சம்பளத்தைப் பாத்துட்டு நேரா கடைசி பக்கத்துக்குப் போகாதீங்க. குழந்தை இருக்குறவங்களுக்கு சம்பளத்தை விட பெரிய காசு ஃபீஸ் சலுகைலதான் இருக்கு. எத்தனை குழந்தைக்கு, முழுசா பாதியா, நர்சரி வயசுக்கும் உண்டா, பஸ்ஸு யூனிஃபார்ம் டூர் எக்ஸாம் ஃபீஸ் இதெல்லாம் உள்ளயா வெளியவா, எல்லாத்தையும் தனித்தனியா கேளுங்க. அதை விட முக்கியமா சீட் உறுதியான்னு கேளுங்க, ஏன்னா "இடம் இருந்தா" அப்படின்னு ஒரு சின்ன வார்த்தை உள்ள ஒளிஞ்சிருக்கும், இடம் இல்லன்னா வேற ஸ்கூல் ஃபீஸ் உங்க பாக்கெட்லேர்ந்துதான் போகும். சில நாடுகள்ல இந்த இலவச ஃபீஸையே உங்க வருமானமா சேத்து வரி போடுவாங்க, கைக்கு வராத காசுக்கு வரி, கேட்டா கடுப்பாதான் இருக்கும் ஆனா சட்டம் அதுதான். ரெண்டு குழந்தை இருந்தா இந்த வரியே பெரிய தொகையா வரும், அதனால "வரி எல்லாம் போக மாசம் கைல எவ்ளோ" ன்னு ஒரு மாதிரி சம்பள சிலிப் கேட்டு வாங்கிடுங்க.

குழந்தைக்கு டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஏடிஹெச்டி மாதிரி ஏதாவது இருந்தா அதை மறைச்சு அட்மிஷன் வாங்கவே வாங்காதீங்க. பல இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சப்போர்ட் டீச்சர் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, சில இடத்துல அதுக்கு தனி காசு, சில இடத்துல முடியாதுன்னே சொல்லிருவாங்க. முடியாதுன்னு இப்பவே தெரிஞ்சா வேற ஸ்கூல் பாக்கலாம், மூணாவது மாசம் "உங்க பையனுக்கு எங்களால செய்ய முடியல" ன்னு உங்க பாஸே உங்களைக் கூப்பிட்டு சொல்ற நிலைமை வந்தா வேலையும் மாட்டும் பிள்ளையும் மாட்டும். ரிப்போர்ட்டை அனுப்புங்க, பதிலை மெயில்ல வாங்குங்க.

இன்சூரன்ஸ் குடும்பத்துக்கும் சேத்தா, ஏற்கனவே இருக்குற நோய்க்கு கவர் உண்டா, பல்லு கண்ணு உண்டா, பிரசவத்துக்கு எத்தனை மாசம் காத்திருக்கணும். துணைக்கு வர்றவங்களோட விசாவுல வேலை பாக்க அனுமதி இருக்கா, இல்லன்னா ரெண்டு சம்பளக் கணக்கு போட்டு கிளம்பாதீங்க. குழந்தைக்கு காய்ச்சல்னா லீவு எதுலேர்ந்து கழிப்பாங்க, உங்க சிக் லீவா, தனி லீவா, சம்பளம் இல்லாத லீவா. இன்டர்நேஷனல் ஸ்கூல் கான்ட்ராக்ட் சாதாரணமா 2 வருஷம், நடுவுல விட்டா ஃபிளைட் காசு, ஷிப்பிங் காசு எல்லாம் திருப்பிக் குடுக்கணும்னு இருக்கும், அந்த வரியையும் படிச்சுருங்க. ஸ்கூலோட தரத்தைப் பாக்க வழி வேணும்னா சிஐஎஸ், டபிள்யூஏஎஸ்சி, நியாஸ்க் மாதிரி ஸ்கூல்களைச் சோதிச்சுப் பாக்குற அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னு அவங்க சொல்றதை நம்பாம அந்த அமைப்போட சைட்லயே தேடிப் பாருங்க.

பேப்பர் வேலை

இதை கிளம்புறதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. டிகிரி, பிஎட், கல்யாண சர்டிஃபிகேட், பிள்ளைங்களோட பிறப்புச் சான்றிதழ், போலீஸ் கிளியரன்ஸ், இது அஞ்சும் எங்க போனாலும் கேப்பாங்க. சும்மா ஒரிஜினல் பத்தாது, அது உண்மைதான்னு அரசாங்க முத்திரை வேணும். போற நாடு 1961 ஹேக் ஒப்பந்தத்துல இருந்தா அப்போஸ்டில்னு ஒரே ஒரு முத்திரைல முடிஞ்சுரும். ஒப்பந்தத்துல இல்லாத நாடுன்னா முதல்ல நம்ம வெளியுறவுத்துறை, அப்புறம் அந்த நாட்டு எம்பசி, பல சமயம் அங்க போய் இறங்கினப்புறம் அவங்க வெளியுறவுத்துறைன்னு சங்கிலி மாதிரி போகும், நாளும் ஆகும் காசும் ஆகும். கனடாவுல இந்த ஒப்பந்தம் 2024 ஜனவரிலதான் அமலுக்கு வந்துச்சு, அதனால பழைய ஆளுங்க "எம்பசிக்கு அலைஞ்சோம்" னு சொன்னா அது இப்போ பொருந்தாம இருக்கலாம், லிஸ்டை நீங்களே ஒரு தடவை பாத்துருங்க.

போலீஸ் கிளியரன்ஸை ரொம்ப சீக்கிரம் எடுத்துடாதீங்க, கடைசி 3 மாசமோ 6 மாசமோ, அதுக்குள்ள எடுத்ததுதான் பல நாட்டுல செல்லும். ஏற்கனவே வேற நாடுகள்ல வேலை பாத்திருந்தா அந்த நாட்டுலேர்ந்தும் கேப்பாங்க, குழந்தைங்க கூட வேலைங்கிறதால இதுல யாரும் விட்டுக் குடுக்க மாட்டாங்க, விடவும் கூடாது. எல்லா பேப்பர்லயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு எழுத்து எழுத்தா பாருங்க, பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு எழுதி பிறப்புச் சான்றிதழ்ல வெறும் இனிஷியல் இருந்தா ரெண்டும் ஒரே ஆளுதான்னு நிரூபிக்க ஒரு அஃபிடவிட் வேண்டியிருக்கும், அதை ஊர்ல இருக்கும்போதே பண்ணிட்டா சுலபம்.

பிள்ளைங்க பாஸ்போர்ட் பல நாட்டுல 5 வருஷம்தான், உங்களோடது 10. அதனால குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தேதில முடியும், அதோட விசாவும் ரெசிடென்ஸ் கார்டும் வேற தேதில முடியும். பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இல்லன்னா பல நாடுகள் உள்ள விடாது, சில நாட்டுல ரெசிடென்ஸை புதுப்பிக்கவும் அதே ரூல். எல்லா தேதியையும் ஃபோன் கேலண்டர்ல முடியுறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே அலாரம் வச்சிருங்க.

அம்மா அப்பால ஒருத்தர் மட்டும் குழந்தையோட பார்டர் தாண்டினா, இன்னொருத்தரோட சம்மதக் கடிதத்தை நோட்டரி பண்ணி கைல வச்சுக்கோங்க. எல்லா இடத்துலயும் கேக்க மாட்டாங்க, கேக்குற இடத்துல இல்லன்னா ஃபிளைட்டே ஏத்த மாட்டாங்க. அங்கயே குழந்தை பிறந்தா அந்த நாட்டு குடியுரிமை தானா வந்துரும்னு நினைக்காதீங்க, பெரும்பாலான நாட்டுல வராது. உங்க நாட்டு எம்பசில பிறப்பை சீக்கிரமே பதிவு பண்ணி பாஸ்போர்ட் எடுக்கணும், தள்ளிப் போட்டா சிக்கல்.

எந்த கிளாஸ், எப்போ போறது

இதுல நிறைய பேர் குழம்புறாங்க. இங்கிலாந்து முறைல இயர்னு சொல்வாங்க, அமெரிக்க முறைல கிரேடு. அமெரிக்க கிரேடு நம்பரோட ஒண்ணைக் கூட்டினா இங்கிலாந்து இயர், கிரேடு 1ம் இயர் 2ம் ஒரே வயசு. நம்பரைப் பாத்து பிள்ளையை கீழ இறக்கிட்டாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க, வயசைப் பாருங்க. வயசுக் கணக்கு வைக்கிற தேதியும் ஊருக்கு ஊர் மாறும், இங்கிலாந்து முறைல செப்டம்பர் 1. ஆகஸ்ட் கடைசில பிறந்த பிள்ளைதான் அந்த கிளாஸ்லயே சின்னது, அப்படிப்பட்ட பிள்ளை புது நாடு, புது மொழின்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல தாங்குமான்னு யோசிச்சு தேவைன்னா ஒரு வருஷம் கீழ போட முடியுமான்னு கேளுங்க, ஸ்கூலைப் பொறுத்து ஒத்துக்குவாங்க.

இன்டர்நேஷனல் ஸ்கூல் அதிகமா ஆகஸ்ட் இல்ல செப்டம்பர்ல ஆரம்பிக்கும், ஆனா அந்தந்த நாட்டு லோக்கல் ஸ்கூல் அப்படி இல்ல, ஜப்பான்ல ஏப்ரல், தென் கொரியால மார்ச், ஆஸ்திரேலியால ஜனவரி கடைசி. ஒரு முறைலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும்போது குழந்தை அரை வருஷம் முன்னாடி தள்ளப்படும் இல்ல பின்னாடி இழுக்கப்படும், அதுக்கு தயாரா இருங்க.

பெரிய பிள்ளைங்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி சொல்றேன், பரீட்சைப் படிப்புக்கு நடுவுல இடம் மாத்தாதீங்க. ஐஜிசிஎஸ்இ (இங்கிலாந்து முறைல நம்ம பத்தாவது மாதிரி பரீட்சை) 2 வருஷப் படிப்பு, 14லேர்ந்து 16 வயசு. அதுக்கப்புறம் நம்ம பிளஸ் டூ மாதிரி ஏ லெவல்னா 2 வருஷம், ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) டிப்ளமோன்னாலும் 2 வருஷம். ஐபி டிப்ளமோல ஆறு சப்ஜெக்ட், அது போக டிஓகே (அறிவைப் பத்தி யோசிக்கிற ஒரு பாடம்), சிஏஎஸ் (கலை, விளையாட்டு, சேவை வேலைகள்), 4,000 வார்த்தை வரைக்கும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேன்னு ஒரு ஆய்வுக் கட்டுரை, இதுல பாதில வேற ஸ்கூலுக்குப் போனா அங்க அதே சப்ஜெக்ட் இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதனால உங்க கான்ட்ராக்ட் முடியுற வருஷத்தையும் பிள்ளை இயர் 11 இல்ல இயர் 13 முடிக்கிற வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. ரெண்டும் ஒத்துப் போகலன்னா உங்க கேரியர்தான் ஒரு வருஷம் காத்திருக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

மொழி

இங்கதான் டீச்சரா இருக்குறது உதவியும் பண்ணும், உபத்திரவமும் பண்ணும். புது மொழிக்குள்ள விட்ட குழந்தை சில வாரம், சில சமயம் சில மாசமே கிளாஸ்ல வாயைத் திறக்காது. வாயைத் திறக்கலன்னாலும் காது வேலை பாத்துக்கிட்டேதான் இருக்கும். வேற ஒருத்தர் பிள்ளை இப்படி இருந்தா "விடுங்க, கேட்டுக்கிட்டிருக்கான், வரும்" னு தைரியமா சொல்ற டீச்சர்தான் சொந்தப் பிள்ளைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் தேடுவாங்க. வீட்டுல தாய்மொழில எப்பவும் போல பேசுறானா விளையாடுறானான்னு மட்டும் பாருங்க, அங்க நல்லா இருந்தா காத்திருங்க. வீட்டுலயும் பேச்சு குறைஞ்சுட்டா, முன்னாடி வந்த வார்த்தை வராம போனா, அப்போ டாக்டர் கிட்ட போங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு ஏமாற்றம் இருக்கு. ஒண்ணு ரெண்டு வருஷத்துல பிள்ளை சரளமா பேச ஆரம்பிச்சுரும், கூட்டாளிங்களோட சண்டை போடும், ஜோக் அடிக்கும், நாம "மொழி முடிஞ்சுது" ன்னு டிக் போட்டுருவோம். ஜிம் கம்மின்ஸ்னு மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் 1979லயே இதைப் பிரிச்சுக் காட்டினார், அப்புறம் வந்த ஆராய்ச்சில கணக்கும் சொன்னார், பேச்சு மொழி வர்றதுக்கு ரெண்டு வருஷம் போல போதும், பாடத்தைப் படிச்சு புரிஞ்சு எழுதுற மொழி வர 5லேர்ந்து 7 வருஷம் ஆகும்னு. அதனால நல்லா பேசுற பிள்ளை சயின்ஸ் டெஸ்ட்ல கம்மி மார்க் வாங்கினா சோம்பேறின்னு முடிவு பண்ணாதீங்க, கேள்வில இருக்குற "விளக்குக", "ஒப்பிடுக", "மதிப்பிடுக" மாதிரி வார்த்தைல தடுக்கியிருக்கும். உங்க கிளாஸ்ல இருக்குற பிள்ளைங்களுக்கும் இதே கணக்குதான், இஏஎல் சப்போர்ட்டை (இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத பிள்ளைங்களுக்கு குடுக்குற மொழி உதவி) பேச்சு வந்த உடனே நிறுத்துற ஸ்கூல்ல உங்க குரல் கொஞ்சம் ஓங்கட்டும்.

வீட்டுல என்ன பேசுறது? தமிழ்தான். ஸ்கூல் மொழியை வேகமா கொண்டு வரணும்னு வீட்டுலயும் அதையே பேச ஆரம்பிக்காதீங்க, ஸ்கூல் மொழியை ஸ்கூல் பாத்துக்கும், அதுக்கு தினம் ஆறேழு மணி நேரம் இருக்கு. தமிழுக்கு உங்களை விட்டா ஆளே கிடையாது. கலந்து பேசுறதைக் கண்டு பதறாதீங்க, ரெண்டு மொழில வளர்ற பிள்ளைங்க எல்லாரும் அப்படித்தான் பேசும், அவன் கலந்து பேசினா நீங்க திருத்தாம அதே வாக்கியத்தை முழுத் தமிழ்ல திருப்பிச் சொல்லுங்க போதும். பேச்சு மட்டும் பத்தாது, எழுத்தும் வேணும்னா வாரத்துக்கு ஒரு நீளமான பாட வேளை வைக்கிறதை விட தினம் பத்து நிமிஷம் வாசிக்கிறதுதான் நிக்கும். ஒரு தகவல் பல பேருக்குத் தெரியாது, ஐபி டிப்ளமோல பிள்ளையோட தாய்மொழி இலக்கியத்தை ஸ்கூல்ல டீச்சர் இல்லாமலே சொந்தமா படிச்சு எழுதுற ஒரு வழி இருக்கு, ஸ்கூல் ஒரு ட்யூட்டரை வச்சு மேற்பார்வை பாக்கும். உங்க மொழிக்கு அது கிடைக்குமான்னு ஐபி கோஆர்டினேட்டர் கிட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டு வைங்க, ஆனா அதுக்கு பிள்ளைக்கு சரளமா படிக்கத் தெரிஞ்சிருக்கணும்.

பிள்ளையும் நீங்களும் ஒரே ஸ்கூல்ல

பாதுகாப்பு, ஃபீஸ், போக்குவரத்து எல்லாத்துலயும் வசதிதான். ஆனா இதுல இருக்குற நுணுக்கம் வேற எதுலயும் இல்ல.

முதல்ல, உங்க பிள்ளையோட டீச்சர் உங்க கூட வேலை பாக்குறவங்க, மதியம் ஒரே டேபிள்ல சாப்பிடுறவங்க. அந்த டேபிள்ல பிள்ளையைப் பத்தி பேசாதீங்க. "நேத்து மேத்ஸ் எப்படி பண்ணான்?" னு சாதாரணமாதான் கேப்பீங்க, அவங்களுக்கு அது பேரன்ட் மீட்டிங், சாப்பாட்டு நேரமும் போச்சு. ஏதாவது பேசணும்னா மத்த பேரன்ட்ஸ் மாதிரியே மெயில் போட்டு நேரம் வாங்குங்க, அந்த மெயிலும் உங்க சொந்த ஐடிலேர்ந்து போகட்டும், ஸ்கூல் ஐடிலேர்ந்து போனா கீழ உங்க பதவி இருக்கும், அதுவும் நீங்க ஹெச்ஓடியா இருந்து அவங்க ஜூனியரா இருந்தா அந்த மெயிலைப் படிக்கிற விதமே மாறிடும். ஸ்டாஃப் லாகின்ல பிள்ளையோட மார்க், ரிப்போர்ட், பிஹேவியர் நோட் எதையும் திறந்து பாக்காதீங்க. பல ஸ்கூல்ல அது டேட்டா பாலிசியை மீறுறது, யார் எப்போ திறந்தாங்கன்னு சிஸ்டத்துல பதிவாகும். மத்த பேரன்ட்ஸுக்கு என்னிக்கு தெரியுமோ அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

உங்க கிளாஸ்லயே உங்க பிள்ளை வந்துட்டா? வேற செக்‌ஷன் இருந்தா மாத்தச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. மாத்த வழி இல்லன்னா முக்கியமான பேப்பரை வேற டீச்சர் திருத்தட்டும், பேர் மறைச்சு. கிளாஸ்ல அம்மான்னு கூப்பிடணுமா மிஸ்ஸுன்னு கூப்பிடணுமான்னு பிள்ளையே முடிவு பண்ணட்டும், எதுவா இருந்தாலும் முதல் நாளே பேசி வச்சுக்கோங்க. உங்க டெஸ்ட் கஷ்டமா இருந்தா அடி உங்க பிள்ளைக்குதான் விழும், மத்த பசங்க "உங்க அம்மா ஏன் இப்படி?" ன்னு கேலி பண்ணுவாங்க, அதை வீட்டுல வந்து சொல்ற சுதந்திரம் அவனுக்கு இருக்கணும், சொன்னா அந்தப் பசங்க பேரைக் கேட்டு மறுநாள் கிளாஸ்ல நீங்க விசாரிக்கக் கூடாது. அப்படி ஒரு தடவை பண்ணிட்டா அதோட அவன் எதுவுமே சொல்ல மாட்டான்.

பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு நீங்க முப்பது பேரன்ட்ஸைப் பாத்துக்கிட்டிருப்பீங்க, அதே நேரத்துல உங்க பிள்ளை டீச்சரும் மாடில உக்காந்திருப்பாங்க. டைம் டேபிள் வெளிய வந்த உடனே, வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சா இன்னும் நல்லது, அதே வாரத்துல வேற நாள் ஒரு ஸ்லாட் கேளுங்க. ஆண்டு விழா, ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கும் இதேதான், நீங்க மைக் பின்னாடி, மேடைல உங்க பிள்ளை. வருஷ ஆரம்பத்துலயே கேலண்டரை எடுத்து எந்த ரெண்டு மூணு நிகழ்ச்சிக்கு நீங்க பேரன்ட்டா உக்காரணும்னு முடிவு பண்ணி பிரின்சிபால் கிட்ட முன்னாடியே சொல்லிட்டா பெரும்பாலும் சரின்னுருவாங்க, ஆனா முந்தின நாள் கேட்டா யாராலயும் முடியாது.

கிளாஸ் பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப், இது தனி தலைவலி. உள்ள இருந்தா "மிஸ், நாளைக்கு டெஸ்ட் இருக்கா?", "மிஸ், அந்த டீச்சர் ஏன் போறாங்க?" ன்னு உங்களையே கேப்பாங்க, கூட வேலை பாக்குறவங்களைத் திட்டும்போது நீங்க படிச்சுட்டு கம்முனு இருந்தாலும் தப்பு, பதில் போட்டாலும் தப்பு. வீட்டுல இன்னொருத்தர் அந்த குரூப்ல இருக்கட்டும், நீங்க வெளிய வந்துருங்க. தனியா வளர்க்குறவங்கன்னா குரூப்ல இருங்க, ஆனா பர்த்டே பார்ட்டி, ஹோம்வொர்க் தவிர வேற எதுக்கும் பதில் போடாதீங்க, ஸ்கூல் விஷயம் கேட்டா "ஆஃபிஸ்ல கேளுங்க" ன்னு ஒரே பதிலை ஒட்டிக்கிட்டே இருங்க.

அப்புறம் சாயங்காலம். ஸ்கூல் முடிஞ்சாலும் உங்களுக்கு மீட்டிங், கிளப், திருத்துற வேலைன்னு அஞ்சு மணி ஆகும். டீச்சர் பிள்ளைங்க எல்லாம் காரிடார்ல சுத்திக்கிட்டிருக்கும், ஸ்கூல் அதுங்களுக்கு வீடு மாதிரி ஆயிடும், டீச்சர் ரூம் வரைக்கும் ஓடி வரும். இதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணுங்க, லைப்ரரி, கிளப், இல்ல மத்த டீச்சர்களோட சேந்து நாளுக்கு ஒருத்தர் பாத்துக்குற முறை. மீட்டிங் ரூமுக்குள்ள பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதீங்க, அங்க மத்த பிள்ளைங்களைப் பத்திப் பேசுவாங்க, ஐபேட்ல கார்ட்டூன் பாத்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருப்பான்.

உடம்பு சரியில்லாத நாள்

பாட்டி தாத்தா சித்தி யாரும் பக்கத்துல இல்லைங்கிறது காலைல ஆறு மணிக்கு பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல் அடிக்கும்போதுதான் உறைக்கும். அதுக்கு முன்னாடியே ரெண்டு வேலை முடிஞ்சிருக்கணும். ஒண்ணு, கிளாஸ்ல ஒரு எமர்ஜென்சி ஃபோல்டர், எந்த டீச்சர் வந்து நின்னாலும் நடத்துற மாதிரி ரெண்டு நாளைக்கு பாடம், சீட்டிங் பிளான், யாருக்கு அலர்ஜி, யாருக்கு சப்போர்ட் வேணும் எல்லாம் அதுல. காய்ச்சல் பிள்ளை மடில படுத்திருக்க ஒரு கைல கவர் வொர்க் (நீங்க இல்லாத நாளைக்கு கிளாஸுக்குக் குடுக்குற வேலை) டைப் அடிக்கிற கொடுமை இருக்காது. இன்னொண்ணு, அவசரத்துக்கு பிள்ளையை விட ரெண்டு குடும்பம், ஒண்ணு ஸ்கூல்லேர்ந்து, ஒண்ணு ஸ்கூலுக்கு சம்பந்தமில்லாத அக்கம்பக்கம். ஸ்கூல் ஆளுங்க மட்டும் இருந்தா, ஸ்டாஃப் டிரெய்னிங் அன்னிக்கு எல்லாருமே மாட்டிக்குவீங்க. முதல்ல நீங்க அவங்க பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க, அப்புறம் கேக்கத் தயக்கம் இருக்காது.

மருந்து பேர் நாட்டுக்கு நாடு மாறும். பாரசிட்டமாலை அமெரிக்கால அசிட்டமினோஃபென்ம்பாங்க, ஆஸ்துமா இன்ஹேலர் சால்புட்டமாலுக்கு அங்க அல்புட்டரால்னு பேர். பேரை விட அளவுல கவனமா இருங்க, பிரிட்டன்ல சின்னப் பிள்ளைங்க பாரசிட்டமால் சிரப்ல 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், அமெரிக்கால 160, வேற இடத்துல 250 கூட இருக்கும், பழைய பாட்டில் ஞாபகத்துல "ஒரு மூடி" ன்னு குடுத்துடாதீங்க, லேபிளைப் படிச்சு பிள்ளை எடைக்கு எவ்ளோன்னு பார்மசிஸ்ட் கிட்ட கேட்டுக்கோங்க. ஊர்லேர்ந்து மருந்து கொண்டு போறீங்கன்னா டாக்டர் சீட்டோட, ஒரிஜினல் பாக்கெட்ல. சாதாரண சளி மருந்துலயே சிக்கல் இருக்கு, சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருக்குறதை ஜப்பானுக்குள்ள கொண்டு போகவே கூடாது, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு பல நாட்டுல முன் அனுமதி வேணும், ஏடிஹெச்டி மருந்துல சிலது சில நாட்டுல முழுத் தடை. பிள்ளை தினம் சாப்பிடுற மருந்து எதுவா இருந்தாலும் வேலையை ஒத்துக்குறதுக்கு முன்னாடியே அந்த நாட்டுல கிடைக்குமான்னு பாருங்க.

தடுப்பூசி கார்டை இங்கிலீஷ்ல, தேதியோட, ஆஸ்பத்திரி சீலோட வாங்கி வைங்க, எம்எம்ஆர் (தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா தடுப்பூசி) ரெண்டு டோஸ் இல்லன்னா சில ஸ்கூல் சேக்கவே மாட்டாங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்படுற நாடுன்னா அந்த மஞ்சள் கார்டு 2016 ஜூலைலேர்ந்து ஆயுசுக்கும் செல்லும், அதனால பத்து வருஷம் ஆச்சேன்னு திரும்ப குத்திக்க வேண்டியதில்ல, கார்டைத் தொலைக்காம இருந்தா சரி.

காசு, ட்யூஷன், கூட வந்தவங்க

சுருக்கமா. வேலை விசாவுல இருந்துக்கிட்டு வெளிய ட்யூஷன் எடுக்குறது பல நாட்டுல சட்டவிரோதம், கான்ட்ராக்ட்லயும் தடை இருக்கும், எல்லாரும் பண்றாங்கன்னு நீங்க இறங்காதீங்க, குடும்பத்துல எல்லாரோட விசாவும் உங்க ஒரு வேலைல தொங்குது. வேலை போனா எத்தனை நாளுக்குள்ள கிளம்பணும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி எல்லாருக்கும் டிக்கெட் காசும் மூணு மாச செலவும் தனியா வைங்க. வருஷத்துல 183 நாள் ஒரு நாட்டுல இருந்தா அங்க வரி கட்டணும்ங்கிறது பரவலான விதி, ஆனா அது மட்டுமே விதி இல்ல, ரெண்டு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கான்னு முதல் வருஷமாவது ஒரு ஆடிட்டர் கிட்ட காமிச்சுருங்க. பென்ஷனை ஸ்கூல் போடலன்னா நீங்களே மாசாமாசம் ஒதுக்கணும், இதை எல்லாரும் நாப்பது வயசுக்கு மேலதான் யோசிக்கிறாங்க.

துணைக்கு வந்தவர் ரொம்ப முக்கியம். உங்களுக்கு இறங்கின மறுநாளே கூட்டாளிங்க, பதவி, பேசுறதுக்கு ஆள் எல்லாம் ரெடி. அவங்களுக்கு ஒரு வீடும் ஒரு வைஃபையும்தான். சாயங்காலம் வந்து நீங்க பேசிப் பேசி களைச்சுப் போய் அமைதி தேடுவீங்க, அவங்க அன்னிக்கு முதல் வார்த்தையே உங்ககிட்டதான் பேசப் போறாங்க. வீட்டுக்கு வந்த உடனே அரை மணி நேரம் யாருக்குன்னு முதல் மாசமே பேசி முடிவு பண்ணுங்க. மொழி கிளாஸ், வேலை அனுமதிக்கு அப்ளிகேஷன், தன்னார்வ வேலை, எதுவா இருந்தாலும் அவங்க பேர்ல ஒரு வாரக் கேலண்டர் இருக்கணும், பிள்ளையைக் கொண்டு விடுறதும் கூட்டி வர்றதும் மட்டுமே அதுல இருந்தா வருஷக் கடைசில சண்டைலதான் முடியும்.

ஊர்ல இருக்குற பெரியவங்களோட பேச நேரத்தை நிலையா வைங்க, நேர வித்தியாசம் இருக்கும்போது "ஃப்ரீயா இருக்கும்போது பேசுறேன்" னு சொன்னா அது நடக்காது. வீடியோல பிள்ளையை "பேசு பேசு" ன்னு நிறுத்தி வைக்காம, பிள்ளை படம் வரையும்போதோ விளையாடும்போதோ ஃபோனைப் பக்கத்துல சாய்ச்சு வச்சுருங்க, பேச்சு தானா வரும்.

கிளம்பும்போது

இன்டர்நேஷனல் ஸ்கூல் உலகத்துல அடுத்த ஆகஸ்ட்ல கிளம்பணும்னா முந்தின அக்டோபர் லேர்ந்து ஜனவரிக்குள்ளயே சொல்லச் சொல்வாங்க, வேலை தேடுற சீசனும் அப்பவேதான். பிள்ளைகிட்ட எப்போ சொல்றதுங்கிறது கஷ்டமான விஷயம், ஆனா உங்க பிரின்சிபால் ஸ்டாஃபுக்கு அறிவிக்கிறதுக்கு முந்தின ராத்திரியாவது சொல்லிடுங்க, ஒரே ஸ்கூல்ல இருக்குற பிள்ளைக்கு அது வேற ஒருத்தர் வாயிலேர்ந்து தெரியக் கூடாது.

டிசி, கடைசி ரெண்டு வருஷ ரிப்போர்ட், சப்போர்ட் ரிப்போர்ட், தடுப்பூசி கார்டு, உங்க எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், அந்த நாட்டு போலீஸ் கிளியரன்ஸ், எல்லாத்தையும் அங்க இருக்கும்போதே வாங்குங்க, விரல் ரேகை எல்லாம் வெளில வந்தப்புறம் குடுக்குறது பெரிய அலைச்சல். அடுத்த நாடு முத்திரை கேக்கும்னா இதுங்களுக்கும் அங்கயே போட்டுருங்க. ஸ்கூல் மெயில் ஐடி கடைசி நாளோட மூடிரும், அதுல இருக்குற பிள்ளையோட ஃபோட்டோ, பேங்க் லாகின், ரெஃபரன்ஸ் மெயில் எல்லாத்தையும் ஒரு மாசம் முன்னாடியே சொந்த ஐடிக்கு மாத்துங்க, மத்த பிள்ளைங்க சம்பந்தப்பட்ட எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. பேங்க் அக்கவுண்டையும் அந்த ஃபோன் நம்பரையும் மட்டும் அவசரப்பட்டு மூடாதீங்க, கடைசி சம்பளம், கிராஜுவிட்டி, வீட்டு அட்வான்ஸ், வரி ரீஃபண்ட் எல்லாம் அந்த அக்கவுண்ட்டுக்குதான் வரும், ஓடிபியும் அந்த நம்பருக்குதான் வரும்.